ஓசூர் ஏர்போர்ட்: நிலம் யார் பேர்ல இருக்கு? 230 வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்ட ராணுவ அதிகாரி!

ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் டீக்கடையிலும் பட்டா பேச்சுதான்.

இந்தப் பட்டா முறை வேரூன்றியதில் ஒரு ராணுவ அதிகாரிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் தாமஸ் மன்றோ.

யார் இவர்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1780ல் சாதாரண ராணுவப் பயிற்சி வீரராக சென்னை வந்து, ஹைதர் அலி, திப்பு சுல்தானுக்கு எதிரான போர்களில் இருந்தார். 1792 ஒப்பந்தத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகாலை திப்பு விட்டுக்கொடுத்தார். ஓசூர் பகுதி 1799ல்தான் கம்பெனி கைக்குப் போனது.

ராணுவத்துக்கு நிலத்தில் என்ன வேலை?

உள்ளூர் மொழி தெரிந்த சிவில் அதிகாரிகள் கம்பெனியிடம் குறைவு. அதனால் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் நிர்வாகம் போனது. அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. 7 ஆண்டுகள் இங்கே வயல் வயலாக அளந்து, ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் முறையை உருவாக்கினார்கள். அதுதான் ரயத்துவாரி. 1820ல் மெட்ராஸ் கவர்னரான மன்றோ, அதை மாகாணத்தின் பெரும்பகுதிக்குக் கொண்டுபோனார். 1827ல் காலராவில் இறந்தார். சென்னை தீவுத்திடல் அருகே குதிரையில் இருப்பவர் இவர்தான்.

அப்போ எல்லாம் நல்லதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வரி அதிகம் என்று மன்றோவே 1807ல் 25 சதவீதம் குறைக்கப் பரிந்துரைத்தார். இன்னொரு குறை: வரி கட்டுபவர் பெயர்தான் பதிவேட்டில் ஏறியது. உழுத கூலிக்காரர் பெயர் ஏறவில்லை.

இன்றைக்கு என்ன சம்பந்தம்?

நிலம் எடுக்கும்போது இழப்பீட்டுக்கு முதலில் பார்ப்பது பதிவேட்டைத்தான். தாத்தா பெயரில் பட்டா, அனுபவிப்பது பேரன் என்றால் பணம் கைக்கு வர இழுபறிதான். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், 3 ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்கு ஆதாரம் எங்கே?

அறிவிப்பாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசு சான்றிதழ் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்க. குத்தகைக்கு உழுறவங்க, அதை எழுத்தில் வாங்கி வைங்க.