பிரக்ஞானந்தாவின் அக்கா

2024 டிசம்பர் 12 இரவு புக்கிட் ரோத்தானில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலகச் சாம்பியனான செய்தி மேசைக்கு மேசை பரவியது. குதிரை எப்படி நகரும் என்று தெரியாதவர்கள்கூட 'நம்ம பையன்' என்றார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான்.

2025 செப்டம்பரில், சாமர்கண்டில் வைஷாலி பெண்கள் கிராண்ட் சுவிஸ் போட்டியைத் தொடர்ந்து இரண்டாவது முறையாக வென்றார். உலகச் சாம்பியன் ஜூ வென்ஜுனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு மறுபடியும் தகுதி பெற்றார். அதே கடையில் நான்தான் பேச்செடுத்தேன். "யாரு, பிரக்ஞானந்தாவோட அக்காவா?" என்றார் ஒருவர். "அது பொம்பளைங்க போட்டிதானே சார்" என்றார் இன்னொருவர். பேச்சு செம்பனைக் குலை விலைக்குப் போய்விட்டது.

இந்த இரண்டு வாக்கியங்களோடுதான் எனக்குச் சண்டை.

அந்த வீட்டில் முதலில் சதுரங்கம் ஆடத் தொடங்கியவர் வைஷாலி. தம்பி அவரைப் பார்த்து வந்தவர். நியாயப்படி அவரைத்தான் 'வைஷாலியின் தம்பி' என்று சொல்ல வேண்டும். யாராவது சொல்கிறோமா?

அடுத்தது, 'பொம்பளைங்க போட்டி'. குகேஷ் வென்றது ஆண்கள் பட்டமல்ல, பொதுப்பட்டம். பெண்களும் ஆடலாம். ஹங்கேரியின் ஜூடித் போல்கர் பெண்கள் பட்டத்தின் பக்கமே போகாமல் உலகத் தரவரிசையில் 8ஆம் இடம்வரை உயர்ந்தார். 2005இல் சான் லூயிஸில் உலகப் பட்டத்துக்கே ஆடினார். "அப்புறம் தனிப் பட்டம் எதுக்கு? மூளைக்கு ஆண் பெண் உண்டா?" என்று மடக்குவார்கள்.

மூளைக்கு இல்லை ஐயா. பணத்துக்கு உண்டு. குகேஷும் டிங்கும் ஆடியதற்குப் பரிசுத்தொகை 2.5 மில்லியன் அமெரிக்க டாலர். 2025 ஏப்ரலில் ஜூ வென்ஜுனும் டான் ஜோங்யியும் ஆடியதற்கு 500,000 யூரோ. பள்ளி வேனுக்கும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சனிக்கிழமைகளில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, ஒரே காலையில் ஐந்து பையன்களைத் தோற்கடித்தாள். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். அப்பா வந்தார். "திரும்பி வர ராத்திரி ஆயிரும் சார். பொம்பளப் பிள்ள. வேணும்னா தம்பிய கூட்டிட்டுப் போங்க."

தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குக் கோட்டை கட்டவே சரியாக வராது. பெண்கள் பிரிவில் எங்கள் பள்ளியின் இடம் காலியாகக் கிடந்தது. நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. 'பெரியவங்க முடிவு' என்று ஒதுங்கிக்கொண்டேன். ஆகவே இந்தச் சண்டையில் நானும் ஒரு குற்றவாளி.

வைஷாலியோடும் தம்பியோடும் ஊர் ஊராகப் போனவர் அவர்களுடைய அம்மா நாகலட்சுமி. நம் தோட்டங்களில் மூளைக்குப் பஞ்சமில்லை. அடுத்த மாவட்டப் போட்டிக்கு வேன் பிடிக்கும்போது, கூட வரும் ஓர் அம்மாவுக்கும் இடம் போடுங்கள். அன்றைய கூலி போய்விடும் என்று அவர் தயங்கினால், அந்தக் காசையும் நாம் கொடுப்போம். குகேஷ் வென்ற இரவில் மேசை மேசையாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தவர்கள்தானே நாம்!