'டேக் ஓவர்' தெரியுமா?

'டேக்' என்றால் எடு. 'ஓவர்' என்றால் மேலே. ஆனால் 'டேக் ஓவர்' என்றால் 'மேலே எடு' அல்ல, சார்! ஒன்றைத் தன் பொறுப்பில், தன் கைக்குள் கொண்டுவருவது. மானேஜர் ரிடையர் ஆனதும் அந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருகிறாரே, அது 'டேக் ஓவர்'. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை டாட்டா வாங்கியதும் அதுவே.

திருப்பிப் போட்டு 'ஓவர்டேக்' என்றால்? கம்மாபுரம் ரோட்டில் நம்ம பிரைவேட் பஸ் டிரைவர் செய்வது!

ஒரு சூட்சுமம். 'அதை' என்று சொல்ல 'இட்' சேர்த்தால், அது நடுவில்தான் வரணும். 'டேக் இட் ஓவர்' சரி. 'டேக் ஓவர் இட்' தப்பு.

நம்ம பக்கத்தில் இதை அனுபவத்திலேயே படித்தவர்கள் உண்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைனை இறக்கிக் கால்வாய் வெட்டியது என்.எல்.சி. பல வருஷம் முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை ஐகோர்ட்.

பத்திரத்தில் நிலம் கைமாறினால் அது 'அக்வயர்'. வயலில் இறங்கிக் கையில் எடுப்பதுதான் 'டேக் ஓவர்'. இரண்டுக்கும் இடையே எத்தனையோ போகம் விளைந்துவிடுகிறது.

'இட்' ஏன் நடுவில் மாட்டிக்கொள்கிறது என்று இனி யாரும் கேட்க மாட்டீர்களே?