பெரு நாட்டுப் பிரயாணம்: ஊசியும் உயரமும்

நம் சங்க அங்கத்தினர் ஒருவரின் குமாரர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உத்தியோகம் பார்த்து வருகிறார். வரும் விடுமுறையில் பெற்றோரை அங்கே வரவழைத்து, தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக்கும் அழைத்துச் சென்று, மச்சு பிச்சு என்னும் பழைய மலைநகரைக் காட்ட எண்ணியிருக்கிறாராம். பெற்றோர் இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். இதற்கு வேண்டிய விவரங்களை இப்பகுதியில் எழுதும்படி அவ்வன்பர் கேட்டிருக்கிறார். இவரைப் போலவே மக்களை அயல்நாட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்று பல இருப்பதால், இதனைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

இங்கா அரசர்களின் பெருமையைப் பேசும் நூல்கள் பல உள்ளன. அதனை அவற்றிற்கே விட்டுவிடுவோம். நம்மவர் அந்நாட்டுக்குப் போய் வருவதில் இரண்டு விஷயங்களே உண்மையில் ஆபத்தானவை. ஒன்று, போட்டுக் கொள்ள வேண்டிய ஊசி. மற்றொன்று, ஏற வேண்டிய உயரம். இவ்விரண்டையும் முன்கூட்டி அறிந்து பிரயாணத்தின் வரிசையை அமைத்துக் கொண்டால், மற்றவை பணத்தாலும் பொறுமையாலும் சரிப்படுத்தக் கூடியவையே.

முதலில் விஸா. இந்தியப் பாஸ்போர்ட்டு உடையவர்கள் பெருவுக்கு விஸா பெற்றே செல்ல வேண்டும். அந்நாட்டுத் தூதரகம் புது டில்லியில் உள்ளது. ஆயினும் அமெரிக்கா, கானடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் விஸா ஆறு மாதத்திற்குக் குறையாமல் செல்லுபடியாகும் நிலையில் இருந்தாலும், அந்நாடுகளில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தாலும், சுற்றுலாவுக்குத் தனி விஸா தேவையில்லை என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். நம் அன்பரின் பெற்றோருக்கு அமெரிக்க விஸா இருப்பதால் இத்தொல்லை இல்லை. எனினும் இவ்வகை விலக்குகள் அறிவிப்பின்றி மாறக் கூடியவை. டிக்கெட் வாங்குமுன் தூதரகத்தில் ஒரு முறை கேட்டுக் கொள்வது நலம். இந்தியாவிலிருந்து லீமா நகருக்கு நேர் விமானம் கிடையாது. அமெரிக்க நிலையத்தில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அந்நாட்டு விஸா வேண்டும். ஐரோப்பா வழியே செல்வோரும் இடைவழி விதிகளை விசாரித்துக் கொள்க.

இனி ஊசியைப் பற்றி. பெரு நாட்டின் கிழக்குப் பாகமாகிய அமேசான் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் என்னும் கொடிய நோய் உண்டு. இது நாம் அறிந்த மஞ்சள் காமாலை அன்று. காமாலைக்காகப் போட்டுக் கொண்ட ஊசி இதற்கு உதவாது. கொசுவால் பரவும் இந்நோய் இந்தியாவில் இதுவரை கால் வைத்ததில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, டெங்குவைக் கொண்டு வருகிற அதே கொசு, நம் வீட்டுத் தொட்டிகளிலேயே குடியிருக்கிறது. நோயுற்ற ஒருவர் வந்து இறங்கினால் என்ன விளையும் என்பதை எண்ணியே நம் சர்க்கார் இதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. பெரு முதலிய நாடுகளை விட்டுப் புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குவோர் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாதவர்களை ஆறு நாட்கள் வரையில் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். “நாங்கள் காட்டுப் பக்கமே போகவில்லை, மலைக்குத்தான் போனோம்” என்று சொல்வதில் பயனில்லை; எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை, எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதையே பார்க்கிறார்கள். பெரு அதிகாரிகள் இச்சான்றிதழைக் கேளாமலே உள்ளே விட்டுவிடக்கூடும். அதை நம்பிச் சென்றவர்கள்தான் திரும்பி வந்து நம் விமான நிலையத்தில் அகப்பட்டுக் கொள்கிறார்கள்.

இவ்வூசி எல்லா மருத்துவ மனைகளிலும் போடப்படுவதில்லை. மத்திய அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே உண்டு. டில்லியில் மந்திர் மார்க்கிலும், சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் போடுகிறார்கள். மற்ற நகரத்தார் மத்திய சுகாதார அமைச்சின் பட்டியலைப் பார்த்துக் கொள்ளலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே சென்று வருவது உத்தமம். முன்பு பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டு முதல் ஒரே ஊசி ஆயுள் முழுவதற்கும் போதுமென்று விதி மாறியது.

அறுபது வயதைக் கடந்தவர்கள் விஷயத்தில்தான் சங்கடம். முதல் முறையாக இந்த ஊசியைப் போட்டுக் கொள்ளும் முதியோரில் மிகச் சிலருக்குக் கடுமையான பின்விளைவுகள் உண்டாகலாம் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. முட்டை ஒவ்வாதவர்களும், நோய் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களும் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆதலின் பெரியவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரைக் கேளாமல் ஊசிக்குக் கை நீட்டலாகாது. ‘ஊசி வேண்டாம்’ என்று மருத்துவர் சொல்லிவிட்டால் பிரயாணத்தையே கைவிட வேண்டுமா எனில், நம் அன்பரின் குடும்பத்தைப் பொறுத்தவரை அதற்கு அவசியமில்லை. காட்டுப் பிரதேசத்தை அறவே விலக்கி, பெருவை முதலில் பார்த்துவிட்டு, அதன் பின் மகன் வீட்டில் தங்கட்டும். பெருவை விட்டுப் புறப்பட்டு ஏழெட்டு நாட்களாவது கழிந்த பிறகு இந்தியாவுக்குத் திரும்பினால் மேற்சொன்ன ஆறு நாள் விதி அவர்களைத் தொடாது. மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கடைசியில் பெரு சென்று அப்படியே ஊர் திரும்புவது என்ற ஏற்பாடுதான் ஆகாது. செலவு ஏறக்குறைய ஒன்றே. வரிசை மாறினால் விளைவு மாறுகிறது.

அடுத்தது உயரம். லீமா கடற்கரைப் பட்டணம். அங்கிருந்து குஸ்கோ நகருக்கு விமானத்தில் ஒன்றரை மணிக்கும் குறைந்த நேரமே ஆகும். ஆனால் குஸ்கோ கடல் மட்டத்துக்குமேல் சுமார் 3,400 மீட்டரில் உள்ளது. நம் உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர். நம் நாட்டு ரயில் நிலையங்களில் மிக உயரத்திலுள்ளது என்று பெயர் பெற்ற டார்ஜிலிங் பாதையின் கூம் நிலையமும் 2,258 மீட்டர்தான். லடாக்கின் லே நகரை ஒத்த உயரத்துக்குக் காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் இடையில் ஏறிவிடுகிறோம் என்றால், உடல் திகைக்காமல் என்ன செய்யும்? காற்றில் பிராணவாயு குறைவதால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, நாலடி நடந்தால் மூச்சு வாங்குதல் ஆகியவை தோன்றும். பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் இது தணியும். சும்மா இருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, ‘காலையில் பார்த்துக் கொள்வோம்’ என்று படுக்கக் கூடாது. உடனே கீழே இறங்குவதும் மருத்துவ உதவி தேடுவதுமே வழி.

இதற்கு உகந்த ஏற்பாடு ஒன்றுண்டு. பிரயாண ஏற்பாட்டாளர் பலர் குஸ்கோவில் இறங்கியவுடன் அங்கேயே தங்கி ஊர் சுற்றும்படி அமைத்துவிடுகிறார்கள். பெரியவர்களுடன் செல்வோர் அதற்கு உடன்பட வேண்டாம். விமான நிலையத்திலிருந்தே மோட்டாரில் ஏறி உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட வேண்டும். அங்குள்ள ஒல்லந்தாய்தம்போ என்னும் ஊர் சுமார் 2,800 மீட்டர். அங்கே இரண்டு இரவு ஓய்வாகத் தங்கி, 2,430 மீட்டரிலுள்ள மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, உடல் பழகிய பின் கடைசியாகக் குஸ்கோவுக்கு ஏறலாம். தித்திகாகா ஏரி 3,800 மீட்டருக்கும் மேலே உள்ளது; அறுபதைக் கடந்தவர்கள் முதல் பிரயாணத்தில் அதனைச் சேர்க்காதிருப்பதே நன்று என்பது நம் அபிப்பிராயம். இருதய நோய், சுவாச நோய், இரத்தச் சோகை உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதியின்றிப் புறப்படலாகாது. உயரத்துக்கென மாத்திரையும் உண்டு. அதையும் மருத்துவரே சொல்ல வேண்டும், உடன் வரும் பிரயாணி அல்லர்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவனிடம் பேனாவைக் கொடுத்தால் இருப்புப்பாதையைத் தொடாமல் விடமாட்டான் என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆனால் மச்சு பிச்சுவின் அடிவாரத்துச் சிற்றூருக்கு வெளியிலிருந்து மோட்டார்ச் சாலையே கிடையாது. கால்நடையாகச் செல்லாதவருக்கு ரயிலே கதி. பாதையின் அகலம் மூன்றடி, அதாவது 914 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடச் சற்றுக் குறுகியது. குஸ்கோவை விட்டு மலையேறும் இடத்தில் வண்டி முன்னும் பின்னுமாக ‘இஸட்’ எழுத்தைப் போல் ஏறிச் செல்லும் முறை டார்ஜிலிங் பாதையைக் கண்டவர்களுக்குப் புதிதன்று. ஒல்லந்தாய்தம்போவிலிருந்து ஏறினால் ஆற்றங்கரையோடு இரண்டு மணிக்குள் சென்றுவிடலாம். உள்ளூர் மக்களுக்கென ஓடும் வண்டியில் அயல்நாட்டார் ஏற முடியாது. சுற்றுலா வண்டிகளில்தான் ஏற வேண்டும், கட்டணமும் அதிகம். பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. ஒரு கைப்பையுடன் சென்று, மற்றவற்றை விடுதியில் வைத்துவிடலாம்.

வண்டியிலும் கோட்டை வாயிலிலும் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். இங்கேதான் நம் தமிழர்களுக்கே உரிய தொல்லை ஒன்று வருகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரில் முதலெழுத்தை மட்டும் போட்டுக் கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விஸாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எப்.என்.யு.’ என்று அச்சிட்டிருப்பார்கள். விமானக் கம்பெனி ஒரு விதமாகவும் ரயில் கம்பெனி வேறு விதமாகவும் பெயரைப் பதிந்துவிட்டால் வாயிலில் வாதாட வேண்டியதாகும். எல்லாச் சீட்டுகளிலும் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்க.

கோட்டைக்குள் செல்லும் நேரமும் சுற்றும் வழியும் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கூட்ட மாதங்களில் வெகு முன்னதாகவே அவை தீர்ந்துவிடும். உள்ளே கழிப்பிடம் இல்லை. வாயிலருகில் மட்டுமே உண்டு. வெளியே வந்தவர் மறுபடி உள்ளே செல்ல முடியாது. படிகள் உயரமானவை, கைப்பிடியும் இல்லை. முதியோர் அடியில் ரப்பர் பொருத்திய ஊன்றுகோலைக் கொண்டு செல்லலாம்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ‘சின் கார்னே’ என்றால் ஸ்பானிய மொழியில் ‘இறைச்சி இல்லாமல்’ என்று பொருள். ஆனால் கோழியை அவர்கள் அதில் சேர்ப்பதில்லை போலும்! சைவர்கள் ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் தாளில் எழுதி வைத்துக் காட்டுக. போயோ கோழி, பெஸ்காதோ மீன். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கும். சீன உணவுச் சாலைகளை அங்கே ‘சிஃபா’ என்பார்கள். அங்கே காய்கறிச் சோறு கேட்டுப் பெறலாம். நம் மசால் தோசைக்குள் இருக்கும் உருளைக்கிழங்கின் தாயகம் இம்மலைகள்தான். ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு, லீமாவில் 1971 முதல் அதற்கென்றே சர்வதேச ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைப் பருக வேண்டாம். குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடுவதால் பருப்பும் அரிசியும் எளிதில் வேகா. தாமே சமைத்துக் கொள்வோர் பிரஷர் குக்கரை மறவாதிருக்கட்டும்.

நாணயம் ‘சோல்’. நம் ரூபாயை அங்கே மாற்ற முடியாது. டாலர் கொண்டு செல்க, ஆனால் சிறிது கிழிந்த நோட்டையும் வாங்க மறுப்பார்கள். லீமா டாக்ஸிகளில் மீட்டர் இல்லை; ஏறுமுன் பேசி முடித்துக் கொள்ள வேண்டும். மின்சாரம் 220 வோல்ட். கடிகாரத்தை நம் நேரத்திலிருந்து பத்தரை மணி பின்னுக்குத் தள்ளிக் கொள்க.

மே முதல் செப்டம்பர் வரை மலையில் மழை குறைவு. இரவுக் குளிர் கடுமை. ஜனவரி, பிப்ரவரியில் மழை மிகுதி. 2010 ஜனவரியில் வெள்ளம் இருப்புப்பாதையை அரித்துவிட்டதால், அடிவாரத்தில் அகப்பட்ட ஆயிரக்கணக்கானோரை ஹெலிகாப்டரில் மீட்க நேர்ந்தது. 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் அரசியல் கிளர்ச்சியால் ரயில்கள் நின்றன. மச்சு பிச்சுவும் சில நாள் மூடப்பட்டது. எனவே மலையிலிருந்து இறங்கிய மறுநாளே கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டமிடாமல், இரண்டு நாளாவது இடைவெளி விடுக.

இன்னும் ஒன்று. உயரத்தின் அயர்வுக்குக் கோக்கா இலையைக் கொதிக்க வைத்த பானத்தை விடுதிகளில் தேநீர் போலவே கொடுப்பார்கள். அந்நாட்டில் அதற்குத் தடையில்லை. சந்தையில் அழகிய பொட்டலங்களாகவும் விற்பார்கள். கொக்கேய்ன் எடுப்பது இவ்விலையிலிருந்தே. அமெரிக்காவிலும் இதற்கு அனுமதியில்லை. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின்படி இந்த இலையை வைத்திருப்பதே குற்றம். ஊரிலுள்ளவர்களுக்குக் கொடுக்கலாமென்று ஒரு பொட்டலத்தைக் கூடப் பெட்டியில் வைக்க வேண்டாம். பரிசுக்கு அல்பாக்காவின் கம்பளிச் சால்வை இருக்கிறது. விலை பேசினால் குறைப்பார்கள்.