வைரஸ் சிகிச்சையும் ஏழை நோயாளியும்

மூளையில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா என்பது. ரண சிகிச்சை, கதிர் சிகிச்சை, டெமொசோலமைட் மருந்து ஆகிய மூன்றையும் முறைப்படி செய்தும், 2005-ம் வருஷத்தில் வெளியான பெரிய பரிசோதனையில் பாதிப் பேர் பதினைந்து மாதங்களுக்குள் மாண்டனர். அதற்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. இந்நிலையில் நோயாளியின் குடும்பத்தார் புதிய சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தேடுவது இயற்கையே.

புதிய வழிகள் இரண்டு. ஒன்று, நோய்க் கிருமியையே மருந்தாக்குவது. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை, புற்று அணுக்களில் மட்டும் பெருகும்படி மாற்றிக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். அணுக்கள் வெடித்து அழிய, உடலின் காவல் சக்தியும் விழித்துக்கொள்கிறது. டோக்கியோ சர்வகலாசாலையில் டோமோகி டோடோ உருவாக்கிய இம்மருந்துக்கு ஜப்பான் சர்க்கார் 2021 ஜூனில் நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. பரிசோதனைக்கு உட்பட்டவர் 19 பேர். ஒரு வருஷம் கழித்து 84 சதவிகிதத்தினர் உயிரோடிருந்தனர். அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையார் இளம்பிள்ளை வாத வைரஸை மாற்றி 61 பேருக்குக் கொடுத்ததில், மூன்று வருஷம் கடந்தவர்கள் 21 சதவிகிதம். இவ்விரண்டிலும் ஒப்புநோக்க வேறு சிகிச்சை பெற்ற பிரிவு உடனிருக்கவில்லை என்பதை மறக்கலாகாது.

மற்றொன்று, நோயாளியின் வெள்ளணுக்களை எடுத்துப் பழக்கி மீண்டும் செலுத்துவது. பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் மூவருக்குச் செய்ததில் கட்டி சில நாட்களிலேயே சுருங்கிற்று. ஆனால் இருவருக்குப் பலன் நிலைக்கவில்லை என்று 2024 மார்ச்சில் அறிவித்தனர். நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தோ, திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவில் பழைய மருந்தைவிட ஆயுளை நீட்டவில்லை என்று 2020-ல் வெளியான பரிசோதனை காட்டிற்று.

நம் தேசத்தாரும் வாளாவிருக்கவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் உருவாக்கிய நெக்ஸ்கார் வெள்ளணுச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அயல்நாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு அது கிடைப்பது நமக்குப் பெருமையே. ஆனால் அது சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்குரியது. மூளைக் கட்டிக்கு அன்று. பத்தில் ஒரு பங்கும் பல லட்சம் ரூபாய்.

இனி விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து விவசாயியை நினைத்துப் பார்ப்போம். முண்டியம்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ, புதுவை ஜிப்மரிலோ, சென்னையிலோ நோய் இன்னதென்று தெரிந்துகொள்கிறான். அப்பொழுது ஒருவர் வந்து, "அயல்நாட்டுச் சிகிச்சை இருக்கிறது, பணம் கட்டு" என்றால், மணிலா விளையும் காணியை விற்காமல் என்ன செய்வான்? இங்கேதான் ஒரு விதியை அவன் அறிந்திருக்க வேண்டும். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷத்து நெறிமுறைப்படி, ஆராய்ச்சிக்காகச் செய்யப்படும் எதற்கும் நோயாளியிடம் பணம் வாங்கலாகாது. 2019-ம் வருஷத்து விதிகளின்படி, மருந்துப் பரிசோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு. ருசுவாகாத மருந்துக்குத் தன் உடலைத் தருபவன் நோயாளி, கடன்பட்டவர் ஆராய்ச்சியாளரே. ஆராய்ச்சி என்று சொல்லி விலை கேட்பவரை நம்பக்கூடாது.

சர்க்காருக்கும் கடமை உண்டு. தேசத்தில் நடக்கும் பரிசோதனைகளைப் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். அந்தப் பதிவேட்டின் சாரத்தைத் தமிழில் ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் வைக்கட்டும். தகுதியுள்ள நோயாளியைப் பரிசோதனை நடக்கும் இடத்துக்கு அனுப்பவும், வழிச்செலவு கொடுக்கவும் ஏற்பாடு செய்யட்டும். இல்லையேல் நகரத்துச் செல்வர்க்கே பரிசோதனையின் வாயில் திறந்திருக்கும்.

ஊர்தோறும் உள்ள தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி கையெழுத்திடுமுன் சம்மதப் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பொருள் சொல்லுங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒரு குடும்பத்தின் காணி நிலைத்திருக்க அது போதும்.