கழிவுநீரும் மின்சாரமும்

திருச்சி நகரத்தின் குப்பையைப் பல்லாண்டுகளாகச் சுமந்தவர்கள் அரியமங்கலத்தார். குப்பை கண்ணுக்குத் தெரிந்த கேடு. கழிவுநீரோடு விரயமாகும் மின்சாரமோ கண்ணுக்குத் தெரியாத கேடு. இரண்டுக்கும் வரிப்பணமே ஈடு.

பாதாளச் சாக்கடை நீர் தானே மேலேறி வராது. பம்புகள் இரவுபகலாக இறைக்க வேண்டும். பஞ்சப்பூரில் முன்பு அமைத்த அகன்ற குளங்களில் வெயிலும் பாசியுமே நீரைத் தெளிவித்தன. இடம் குறுகிய இக்காலத்து இயந்திர முறையிலோ காற்றைச் செலுத்தியாக வேண்டும். அத்தகைய நிலையங்களின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியைக் காற்றூதும் இயந்திரங்களே விழுங்குகின்றன. நீரிலுள்ள பிராணவாயுவை அளந்து, தேவைக்கேற்பக் காற்றைச் செலுத்தினால் பெரும் விரயம் நிற்கும்.

இது நடவாத காரியமன்று. சென்னைக் குடிநீர் வாரியம் 2005-06-ல் கொடுங்கையூர், பெருங்குடி முதலிய இடங்களில் நிறுவிய நிலையங்களில், கசடிலிருந்து எழும் வாயுவைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கியது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். ஒவ்வொரு பம்பும் இறைக்கும் நீரையும் உண்ணும் மின்சாரத்தையும் அளந்து, திருச்சி மாநகராட்சி அக்கணக்கை மாதந்தோறும் பொதுஜனங்கள் முன் வைக்க வேண்டும். மிச்சமாகும் ரூபாய் வேறு செலவுகளில் கரையலாகாது. பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்களுக்கே அது உரியது. இதுவே நியாயமென நாம் வற்புறுத்துகிறோம்.