உங்கள் பை எத்தனை கிலோ?

அன்புக் குழந்தைகளே!

காலை நேரத்தில் அம்பத்தூர், ஆவடி ரயில் நிலையங்களிலும், பூந்தமல்லி பேருந்து நிலையத்திலும் உங்களைப் பார்க்கிறோம். முதுகில் புத்தகப் பை, கையில் சாப்பாட்டுப் பை, தோளில் தண்ணீர் பாட்டில்! பை பின்னால் இழுக்கிறது. விழாமல் இருக்க நீங்கள் முன்னால் வளைகிறீர்கள். பள்ளிக்கூடம் போகிறீர்களா, சந்தைக்கு மூட்டை கொண்டு போகிறீர்களா என்றே தெரியவில்லை.

இந்தக் கவலை புதிதல்ல. மால்குடி கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயண் நம் சென்னையில் பிறந்தவர். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த அவர், 1989-ல் அங்கே தன் முதல் உரையைப் புத்தகப் பை சுமக்கும் பிள்ளைகளுக்காகவே பேசினார். பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, 'சுமையில்லாக் கல்வி' பற்றி 1993-ல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்தது. தமிழகத்தில் 2012-13 கல்வியாண்டில், 8-ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. தடிமனான புத்தகங்கள் மூன்றாகப் பிரிந்தன. 2020-ல் வந்த மத்திய அரசின் புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது.

கணக்குப் போடுங்கள். நீங்கள் 30 கிலோ என்றால், பை 3 கிலோ. அவ்வளவுதான்!

ஏன் இந்த அளவு? முதுகெலும்பு ஒரே எலும்பல்ல; சின்னச் சின்ன எலும்புகளின் அடுக்கு. நடுநடுவே மெத்தை போன்ற வட்டுகள். அடுக்கு சாயாமல் பிடித்துக்கொள்பவை தசைகள். கூனி நடந்தாலும், குனிந்தே எழுதினாலும், செல்போனைத் தலைகுனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாலும் அந்தத் தசைகளுக்கு ஓய்வே இல்லை. அவை களைத்துப் போகும்போது கழுத்தும் முதுகும் வலிக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இரவே டைம்டேபிளைப் பார்த்து, தேவையானதை மட்டும் எடுத்து வையுங்கள். கனமான புத்தகம் முதுகை ஒட்டி இருக்கட்டும். இரண்டு பட்டைகளையும் மாட்டுங்கள். ஒரு தோளில் தொங்கவிடுவது ஸ்டைல் அல்ல, தொல்லை! பை இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டாம். பேருந்தில் நிற்க நேர்ந்தால், உட்கார்ந்திருக்கும் அக்காவிடமோ தாத்தாவிடமோ பையைக் கொடுங்கள். மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் நல்ல வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தரையில் அமர்ந்து எழுதும்போது, நோட்டுக்கு அடியில் ஒரு சிறு பலகையோ முக்காலியோ வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கை காலை நீட்டுங்கள். ஒரே நிலையில் வெகுநேரம் இருப்பது நேராக உட்கார்ந்தாலும் நல்லதல்ல. வலி சில நாட்களில் போகவில்லை என்றாலும், கை கால் மரத்துப் போனாலும் வீட்டில் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 3 கிலோ மட்டுமே சுமக்க வேண்டிய பிள்ளைக்கு அதிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பள்ளியில் நல்ல குடிநீர் கிடைத்தால், காலி பாட்டிலோடு வரலாம். புத்தகம் வைக்க வகுப்பில் ஓர் அலமாரி இருந்தால் இன்னும் குறையும். பிள்ளையை 'நிமிர்ந்து நட' என்று அதட்டுவதற்கு முன், நிமிர முடியாத பாரத்தை இறக்குவோம்.

குழந்தைகளே, இந்த வாரம் பையோடு பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்குப் போங்கள். எடை மெஷினில் வைத்துப் பாருங்கள். வந்த எண்ணை அப்பா அம்மாவிடமும், வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள். அளவு மீறியிருந்தால் கேட்பது தவறல்ல. அது உங்கள் முதுகு!

அன்புடன்,
ஆசிரியர்