திறப்பு விழாவுக்குப் பின்னர் தண்ணீர் வருகிறதா?

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் பாடசாலைகளில் குடிநீர்த் திட்டங்கள் திறந்து வைக்கப்பட்ட செய்திகள் பலவற்றை எழுதியிருக்கிறேன். நாடா வெட்டியவர் யார், நிதி உதவியவர் யார் என்பனவெல்லாம் அவற்றில் தவறாது இடம்பெற்றன. ஓராண்டின் பின்னர் அதே குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து ஒரு செய்தியேனும் நான் எழுதியதில்லை.

அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலைக்குச் சென்றபோது அந்தக் குறை என்னை உறுத்தியது. அன்பளிப்பாளரின் பெயர்ப் பலகை சுவரில் பளிச்சென்று இருந்தது. அதன் கீழிருந்த சுத்திகரிப்பு இயந்திரமோ வடிகட்டி மாற்றப்படாமல் இயங்காது கிடந்தது. வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவராத பிள்ளைகள் கிணற்று நீரையே குடித்தனர்.

கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும். யாழ். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிக் கழிவும் எளிதில் நிலத்தடி நீரைச் சென்றடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற நைத்திரேற்று அளவை மீறிய கிணறுகள் இங்கு பல உள்ளன. அநுராதபுரம் போன்ற உலர் வலய மாவட்டங்களிலோ பிரச்சினை புளோரைட்டு. பற்கள் உருவாகும் வயதில் அந்நீரைப் பருகும் பிள்ளைகளின் பற்களில் படியும் கறை பின்னர் நீங்குவதில்லை. இவை எவையும் கண்ணுக்கோ நாவுக்கோ தெரிவதில்லை. பரிசோதனை ஒன்றே வழி.

மலசலகூடம் சீராக இல்லாத பாடசாலைகளில் மாணவியர் பலர் தாகத்தை அடக்கிக்கொண்டு மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. தண்ணீரையும் மலசலகூடத்தையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

பெரிய திட்டங்களை நான் கேட்கவில்லை. ஆண்டுக்கு இரு தடவை, கோடையில் ஒன்றும் மாரிக்குப் பின் ஒன்றுமாக, நீரைப் பரிசோதித்து முடிவைப் பெற்றோர் காணும் இடத்தில் ஒட்டுங்கள். வடிகட்டி மாற்றும் செலவைப் பாடசாலையின் வருடாந்த வரவு செலவில் சேருங்கள். பொறுப்பாக ஓர் ஆசிரியரை நியமியுங்கள். அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர்களும் இயந்திரத்தின் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே வழங்க வேண்டும்.

இனி எவரேனும் இத்தகைய திறப்பு விழாவுக்கு என்னை அழைத்தால், சென்ற முறை நீரைப் பரிசோதித்த திகதி எது என்றே முதலில் கேட்பேன். பிள்ளைகளைப் பெற்றவர்களும் அதையே கேட்க வேண்டும்.